பொலிஸ்காரன் போட்ட கோடு

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் லாசாலில் கணேசலிங்கத்தின் படச்சட்டக் கடையில் நிரோஜா பதினொரு வருடமாகக் கத்தி பிடிக்கிறாள். கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம், செத்தவர்களின் படம், எதைக் கொடுத்தாலும் மயிரிழை பிசகாமல் வெட்டுவாள். அப்பேர்ப்பட்டவள் செவ்வாய்க்கிழமை காலை, வாடிக்கையாளரின் முகத்துக்கு முன்னால் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இதை நான் வெட்டமாட்டன்."

வந்திருந்தவர் வசுமதி, சென்னைக்காரர், பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பிக்கிறவர். ஆங்கிலேயர் ஆண்ட காலத்துப் பலஸ்தீனம் பற்றி ஒரு கண்காட்சி வைக்கிறார். மேசையில் கிடந்தது அதற்கான ஐந்தடிப் படம். 1946 ஏப்ரலில் ஹைஃபா ரயில்வேக்காரர்கள் வெள்ளைக்கார அரசுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தபோது எடுத்தது. அரபுக்காரரும் யூதருமாக ஒன்பது பேர், எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு, தோளில் கை போட்டு நின்றார்கள்.

கண்காட்சிக் குழுவோ பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற கூட்டம். அரபுகளுக்கு ஓர் அறை, யூதருக்கு ஓர் அறை. படத்தை வெட்டி ஆளுக்கொரு துண்டாக மாட்டினால் எவரும் வாசலில் வந்து கத்தமாட்டார்களாம்.

"இது பிரதிதான் நிரோஜா. ஒரிஜினல் இதோ பத்திரமா இருக்கு," என்று வசுமதி ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். "பின்பக்கம் பாருங்க. அந்தக் காலத்து போலீஸ்காரன் பென்சில்ல கோடு போட்டு, ஒரு பக்கம் அரபுப் பேர், மறு பக்கம் யூதப் பேர் எழுதியிருக்கான். அந்தக் கோட்டுலயே வெட்டிடுங்க."

நிரோஜா உறையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஊடே தெரிந்த பின்பக்கக் கோடு நேராக ஒருவனின் மணிக்கட்டில் இறங்கியது. அவனுடைய கை அடுத்தவனின் தோளில் இருந்தது. ஊரில் யுத்தம் முடிந்த வருடம் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஒருவன் கையசைத்துத்தான் சனத்தை இரண்டு வரிசையாக்கினான். மற்ற வரிசையில் போன தம்பி விதுர்சன் இன்றுவரை வரவில்லை. நிரோஜா படத்தில் நின்ற ஆட்களை எண்ணினாள், பிறகு பெயர்களை எண்ணினாள்.

"அக்கா, அரபுப் பேர் நாலுதான் இருக்கு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு பேர் நிக்கினம். எந்த ரெண்டு பேரைப் பிழையான அறைக்கு அனுப்பப் போறியள்?"

வசுமதி உறையை வாங்கிப் பார்த்தார். "தொப்பியை வச்சு யார் யாருன்னு..." என்று தொடங்கினார். ஒன்பது பேருக்கும் ஒரே ரயில்வேத் தொப்பி. மூன்று வருடம் அந்தப் படத்தோடு குடும்பம் நடத்தியவருக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"கோடு போட்ட வெள்ளைக்காரனே படத்தை வெட்டேல்லை," என்றாள் நிரோஜா. "நீங்கள் வெட்டச் சொல்றியள்."

கணேசலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை, எங்களுக்கேன் ஊர்ச்சண்டை? நீ தள்ளு, நான் வெட்டுறன்," என்று கத்தியை எடுத்தார். நிரோஜா இரண்டு உள்ளங்கையையும் படத்தின் மேல் விரித்து வைத்தாள். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற பிறவி அவள். அது அவருக்கும் தெரியும்.

"அண்ணை, என்னை வேலையால நிப்பாட்டுங்கோ. ஆனா கையை எடுக்கமாட்டன்."

கணேசலிங்கம் கத்தியோடு நின்றார். வசுமதி போன் போட்டார். எடுத்தது கண்காட்சிக் குழுத் தலைவர். "முழுப் படம்தான் வரும். ஒரே சட்டம்," என்றார் வசுமதி. "எந்த அறையில மாட்டுறதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க. வெட்ட முடியாது."

மறுமுனையில் தலைவர் போட்ட சத்தம் மேசைவரை கேட்டது. வெட்ட முடியாதென்று சொன்னது யார் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

வசுமதி நிரோஜாவின் கைகளைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார் போனில்.