மரேவெயாவின் உள்ளங்கை எண்ணெய்

கப்பல் வராமல் போன ஐம்பத்தாறாவது நாள் காலையில், மாவு பிசைந்துகொண்டிருந்த மரேவெயாவின் உள்ளங்கைகளிலிருந்து உடம்புச் சூட்டோடு எண்ணெய் கசியத் தொடங்கியது. தேங்காய் எண்ணெய் அல்ல. கடையில் மஞ்சள் கேனில் வருமே, வாசனையே இல்லாத எண்ணெய், அது. அவள் கணவன் தெபானோ விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, வாணலியை அவள் கைக்குக் கீழே நீட்டினான். ஏழு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மீன் பொரிந்தது. பிற்பாடு அவன் தலையில் அடித்துக்கொண்டது வாணலியை நீட்டியதற்காக அல்ல, அடுப்பை வெளியே காற்றுப் பக்கம் மூட்டியதற்காக.

தென்னை நிற்கிற ஊரில் எண்ணெய்க்கு என்ன பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். கிரிபட்டி நாட்டின் தென்கோடித் தீவுகளில் மூன்று வருஷம் மழை பொய்த்தால் தேங்காய் கைமுட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். தேறிய காயையெல்லாம் கொப்பரையாக்கிக் கப்பலில் ஏற்றி, அதே கப்பலில் வரும் அரிசி, மாவு, சர்க்கரை, எண்ணெயை வாங்கித்தான் இரண்டு தலைமுறையாக ஊர் வயிறு வளர்த்தது. கடைசிக் கொப்பரை மூட்டையும் போய்விட்டது, கப்பல்தான் திரும்பவில்லை.

வாசனை பிடித்து முதலில் வந்தவன் மரேவெயாவின் தம்பி பராநிகோ. காலிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "அக்கா, இது ஒரு புபூத்தி" என்றான். உறவுக்காரன் அந்தச் சொல்லைச் சொல்லி ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சைக்கிளைக் கேட்டால் சைக்கிள், போட்டிருக்கும் சட்டையைக் கேட்டால் சட்டை. அந்தத் தீவில் ஒருவருக்கொருவர் உறவில்லாதவர் கிடையாது. மறுநாள் மத்தியானத்துக்குள் பதினொரு போத்தல்கள் நிறைந்தன. வெறும் சோற்றையும் அவித்த மீனையும் தின்று சலித்தவர்கள் வாயெல்லாம் பளபளக்கச் சிரித்தார்கள். மரேவெயாவும் சிரித்தாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு பேர் அவள் வாசலைத் தேடி வந்ததில்லை.

மருந்தகத்து எடைக் கருவி பழுதானதால், நர்ஸ் தெரியெத்தா அவளைக் கொப்பரைக் கிட்டங்கித் தராசில் ஏற்றினாள். தொண்ணூற்று நாலு கிலோ இருந்தவள் எண்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தாள். எண்ணெயைக் குறை, சர்க்கரையைக் குறை என்று பத்து வருஷமாகத் தொண்டை வற்றக் கத்தியது இப்போதாவது காதில் ஏறியதே என்று தெரியெத்தா சந்தோஷப்பட்டாள். அடுத்த மாதம் அறுபது. அதற்கு அடுத்த மாதம் நாற்பத்திரண்டு. அப்போது தெரியெத்தா சந்தோஷப்படவில்லை. ஆனால் அவள் பையிலும் ஒரு போத்தல் இருந்தது.

தெபானோ மனைவியைத் தீவின் கடைசி முனைக்குக் கூட்டிப்போய் ஒரு குடிசையில் ஒளித்துவைத்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கிற தீவில் எங்கே ஒளிப்பது? மூன்றாம் நாள் போத்தல்கள் வரிசையாக வந்தன. அவனுக்கு எல்லோர் மேலும் ஆத்திரமாக வந்தது. பொரித்த மீனை மறுக்காத தன் வாயின் மேலும் வந்தது. அன்று மாலை அவன் ஊர்க்கூடத்தில் தன் குடும்பத்துக்குரிய இடத்தில் உட்கார்ந்து, ஊர் முழுவதையும் பார்த்துச் சொன்னான்:

"இது என்னோட புபூத்தி. இனிமே என் பொண்டாட்டிகிட்ட யாரும் எதுவும் கேக்கக் கூடாது."

இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. ஊர்ப் பெரியவர் யோதேபா பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "கேட்டுட்டே. குடுத்தாச்சு, போ" என்றார்.

தெபானோ அவளை வீட்டுக்கே திரும்பக் கூட்டிவந்தான். அதன்பின் ஒருவரும் வரவில்லை. கசிவு சொட்டாகக் குறைந்தது, எடை இறங்குவது நின்றது. தையல் ஊசி கேட்டுக்கூட யாரும் வரவில்லை. அவள் வீட்டைத் தாண்டும்போது ஜனங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். பதினோராம் நாள் மரேவெயா பாயில் எழுந்து உட்கார்ந்தாள்.

"தெபானோ, நான் செத்துட்டேனா?"

"என்ன பேச்சு இது?"

"செத்தவகிட்டதான் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "இருபத்தாறு வருஷத்துல உன்கிட்ட நான் ஒரு புபூத்தி வெச்சதில்ல. இப்ப வெக்கிறேன். சொன்னத திருப்பி வாங்கிக்க."

அவன் அழுதான். எட்டூருக்குக் கேட்கும்படி அழுதான். அழுது முடித்து, ஊர்க்கூடத்துக்குப் போய்த் தன் சொல்லைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.

மறுநாள் வாசலில் நாற்பது போத்தல்கள். அவள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு, உடம்புக்கு எப்படி, வலை பின்னியாயிற்றா என்று விசாரித்தபடி நிரப்பிக் கொடுத்தாள். ஆறாம் நாள் பாயில் ஒரு குழந்தையின் கனம்கூட இல்லை. கடைசிப் போத்தலைத் தெபானோ யாரும் பார்க்காமல் கூரை ஓலையில் செருகிவைத்தான். சாவுக்கு வந்தவர்களுக்கு மீன் பொரித்துப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டாரும் தங்களிடம் மிஞ்சியதைக் கொண்டுவந்து வாணலியில் ஊற்றினார்கள். மீன் நன்றாகப் பொரிந்திருந்தது. தெபானோவும் இரண்டு துண்டு சாப்பிட்டான்.

ஒன்பது நாள் கழித்துக் கப்பல் வந்தது. சிமெண்டும் கோயிலுக்குத் தகரமும் நாற்பது மூட்டை அரிசியும் இறங்கின. எண்ணெய் தலைநகரத் துறைமுகத்திலேயே தங்கிவிட்டது, அடுத்த நடையில் வரும் என்றார் மாலுமி.

அன்று சாயங்காலம் பராநிகோ வந்து வாசலில் உட்கார்ந்தான். கூரையைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டான். பிறகு பார்த்தான்.

"மச்சான், இது ஒரு புபூத்தி."

தெபானோ அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. எழுந்து, ஓலைக்குள் கைவிட்டுப் போத்தலை எடுத்துக் கொடுத்தான். பராநிகோ வாங்கிய வேகத்தில் அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"இன்னும் சூடா இருக்கே."

"ஆமா," என்றான் தெபானோ. "ரெண்டு கையாலயும் பிடிச்சுக்க."