கை கட்டி நின்ற ஏரி

படகுப் பயிற்சி தொடங்கிய பன்னிரண்டாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு, படகு டீச்சர் மூன்று முறை விசில் ஊதியதும் ஏரி நின்றுவிட்டது. கரையில் காயப்போட்டிருந்த துண்டுகள் காற்றில் படபடத்துக்கொண்டுதான் இருந்தன. தண்ணீர் மட்டும், எழும்பிய அலை எழும்பியபடி, துடுப்பிலிருந்து தெறித்த துளி தெறித்தபடி அப்படியே நின்றது. டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்து உதறிப் பார்த்துவிட்டு ஒரு முறை ஊதினார். ஒரு விசில் என்றால் எல்லாரும் என்னைப் பார்க்க வேண்டும் என்பது பாடம். நான்கு படகுகளையும் ஏரி தானே திருப்பி அவர் முகத்துக்கு நேராக நிறுத்தியது. அவற்றில் உட்கார்ந்திருந்த எட்டுப் பிள்ளைகளும் அப்போதும் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் இது நடக்கக்கூடியதுதான். நான்கு மாதத்துக்கு ஒரு வகுப்பாகப் பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். பன்னிரண்டு வருடமும் ஒரு நாள்கூட மட்டம் போடாமல் வகுப்பில் இருந்தது ஏரி மட்டும்தான். இரண்டு விசில் என்றால் எல்லாப் படகும் ஒன்று சேர வேண்டும். மூன்று விசில் என்றால் துடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். படகில் எழுந்து நிற்காதே. லைஃப் ஜாக்கெட்டின் மூன்று பக்கிளையும் மாட்டு, கீழே இருக்கிறதே அதையும் சேர்த்துத்தான். கவிழ்ந்தால் கரையைப் பார்த்து நீந்தாதே, படகை விடாதே. படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் பதறாதே, அங்கே ஒரு சாண் காற்று இருக்கும், மூச்சை இழுத்துக்கொண்டு கீழே அமுங்கி வெளியே வா. இதையே கத்திக் கத்தி டீச்சரின் குரல் நாற்பது வயதிலேயே தகரமாகிவிட்டது. பிள்ளைகள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்கள். ஏரிக்கு விடுவதற்கு மறு காது இல்லை.

அதற்குப் பின் அங்கே யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. எழுந்து நின்று ஆட்டம் போட்ட பையனின் படகை ஏரி இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தது. விழுந்த பிள்ளையைத் தலைகூட நனையாமல் தூக்கி, உட்கார்ந்திருந்த பலகையிலேயே திரும்ப உட்கார வைத்தது. சேர்க்கைக்குப் பெற்றோர் வரிசையில் நின்றார்கள். மேலதிகாரி ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, "இந்த வருஷம் ஒரு விபத்துகூட இல்ல. நல்லாப் போறதை நோண்டிக் கெடுத்துடாதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சருக்கு மட்டும் இது சரியாகப் படவில்லை. ஏனென்றால் பயிற்சியின் கடைசித் தேர்வு ஏரியில் நடப்பதில்லை. இரண்டு ஊர் தள்ளி ஓடும் ஆற்றைப் பிள்ளைகள் தாங்களே கடக்க வேண்டும். ஆறு எந்த வகுப்புக்கும் வந்ததில்லை. ஏரி பாடம் படித்த பிறகு பயிற்சி முடித்த முதல் கூட்டம் அங்கே போனபோது, நட்டாற்றில் டீச்சர் மூன்று விசில் ஊதினார். பிள்ளைகள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் எப்போது நிற்கும் என்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு படகுகள் பாலத்தின் தூணில் போய் மோதின. ஒரு பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அத்தோடு போனதே என்று எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். அடுத்த கூட்டத்தில் டீச்சரின் மகள் இருந்தாள்.

மகளுக்குப் பதினொரு வயது, வாய்க்கு மட்டும் முப்பது. கீழ்ப் பக்கிளை அவள் ஒரு நாளும் மாட்டியதில்லை. மாட்டச் சொன்னால், "இறுக்குதும்மா. அதான் ஏரி பார்த்துக்குதே, நீ ஏன் சும்மா கத்தற?" என்பாள். தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தபோது, கவிழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று டீச்சர் வகுப்பைக் கேட்டார். ஒருவரும் வாயைத் திறப்பதற்குள் ஏரி ஒரு காலிப் படகைக் கவிழ்த்து, நிமிர்த்தி, துடைத்து வைத்த மாதிரி காட்டியது. டீச்சருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எல்லா வகுப்பிலும் இப்படி ஒரு முதல் பெஞ்சுப் பிள்ளை இருக்கும். கேள்வி முடிவதற்குள் விடை சொல்லிவிடும், மற்றதெல்லாம் அதை நம்பித் தூங்கும். எந்த வாத்தியாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். "எந்திரி. வெளியே போய் நில்லு" என்றார்.

ஏரி எழுந்து போனது. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, சாலையில், ஆள் உயரத்துக்கு மூன்று நாள் நின்றது. மீன்கள் எல்லாம் சுவருக்கு மேலாக எட்டி வகுப்பையே பார்த்துக்கொண்டிருந்தன. பிள்ளைகள் சேற்றில் உட்கார்ந்திருந்த படகுகளில் ஏறிப் பக்கிள் மாட்டிப் பழகினார்கள். பஸ்களைச் சுற்று வழியில் திருப்பி விட்டார்கள். டீச்சரின் கணவர் அந்த வழியில்தான் பஸ் ஓட்டினார். "உன் ஸ்டூடண்டால தினமும் இருபது நிமிஷம் லேட்டு. பாவம், மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. உள்ள விடேன்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

நான்காம் நாள் டீச்சர் கேட்டைத் திறந்தார். "உள்ள வா. கையைக் கட்டு, வாயைப் பொத்து. தேர்வு முடியற வரைக்கும் நீ வெறும் தண்ணி. யார் விழுந்தாலும் தொடக் கூடாது. நான் விசில் ஊதினாலும் சரி, கத்தினாலும் சரி, கெஞ்சினாலும் சரி, அசையக் கூடாது. புரிஞ்சுதா?" ஏரி உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. அதன் பிறகு காற்றுக்குக்கூட அது சுருங்கவில்லை.

முதல் வாரம் பிள்ளைகள் தொப்பல் தொப்பலாக நனைந்தார்கள். அழுதார்கள், வீட்டில் புகார் சொன்னார்கள், பிறகு மெல்ல உட்காரக் கற்றார்கள். மகள் மட்டும் நம்பவில்லை. டீச்சர் பெண்ணைத் தண்ணீர் கைவிடுமா என்பது அவள் எண்ணம். எட்டாம் நாள் அவள் படகில் எழுந்து நின்று, கூட இருந்த கண்ணாடிக்காரப் பெண்ணிடம், "இப்ப பாரு" என்றாள். படகு குப்புறக் கவிழ்ந்தது. கண்ணாடிக்காரி மேலே வந்தாள். மகள் வரவில்லை.

டீச்சர் அறுபது அடி தள்ளித் தன் படகில் இருந்தார். கீழ்ப் பக்கிள் மாட்டாத ஜாக்கெட் மேலே ஏறிக் காதை அடைக்கும், கவிழ்ந்த படகின் பலகையோடு தலையை வைத்து அழுத்தும் என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வந்தவர் அவர்தான். மூன்று விசில் ஊதினார். பிள்ளைகளுக்காக ஊதினார் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அது பொய். பெற்ற வயிறு ஏரியை நோக்கி ஊதியது. ஏரி அசையவில்லை. "ஏய், அவளைத் தூக்கு! என் கண்ணு இல்ல, தூக்கு!" என்று கத்தினார். கண்ணாடி போல இறுகி, கரையோரமெல்லாம் நடுங்கிக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல் அது நின்றது. அவர் துடுப்பை எடுத்து வலித்தார். துடுப்பு வலிக்கிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். மகள் இருந்த பக்கத்தை அவரால் பார்க்க முடியவில்லை. எதிர்க்கரையையும், உட்கார்ந்திருந்த நாரைகளையும், தன் துடுப்பு கலைக்காத தண்ணீரையும் பார்த்துக்கொண்டே வலித்தார். வாயில் இருந்த விசில் மூச்சிரைப்பில் தானாக இரண்டு முறை ஊதியது.

முதுகுக்குப் பின்னால் பலகையோடு பலகை இடிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று விசிலுக்குத் துடுப்பை இழுத்துக்கொண்டு நின்ற ஆறு பிள்ளைகளும், இரண்டு விசிலுக்கு ஒன்று சேர்ந்திருந்தார்கள். கரையைப் பார்த்து நீந்தத் தொடங்கியிருந்த கண்ணாடிக்காரி திரும்பி வந்து படகைப் பிடித்திருந்தாள். கவிழ்ந்த படகின் அடிப்பலகையில் வாயை வைத்து, "ஒரு சாண் காத்து இருக்கு! மூச்சை இழு! கீழ அமுங்கு!" என்று எல்லாரும் டீச்சரின் தகரக் குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்தபோது, தண்ணீருக்கு வெளியே ஒரு கை வந்து படகின் கயிற்றைப் பிடித்தது. பிறகு ஜாக்கெட் வந்தது. அதற்குள்ளிருந்து மகளின் தலை வந்தது.

கரையில் போட்டு முதுகைத் தட்டினார்கள். இருமித் துப்பி மூச்சு திரும்பியதும் அவள் முதலில் சொன்னது, "அம்மா, அது பார்த்துக்கிட்டே நின்னுச்சும்மா. கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்துக்கிட்டே நின்னுச்சு." டீச்சர் மகளின் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஏரியின் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அதே அளவு தன் மேலும் வந்தது. மகள் மறுபடி துப்பினாள். "தண்ணி ஏம்மா இப்படிக் கரிக்குது?" டீச்சர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். காலையில் எல்லாரும் வாய் கொப்பளித்தபோது கரிக்காத தண்ணீர் அது.

அவர் முழங்கால் ஆழத்துக்கு உள்ளே இறங்கி, யார் காதிலும் விழாதபடி, "சொன்னதைத்தான் செஞ்ச. உன் மேல தப்பில்ல" என்றார்.

இருபது நாள் கழித்து எட்டுப் பிள்ளைகளும் ஆற்றைக் கடந்தார்கள், மூன்று பக்கிளும் மாட்டி, உட்கார்ந்தபடியே. ஊர் திரும்பிய அன்றே டீச்சர் ஏரியைக் கையை எடுக்கச் சொன்னார். அலை திரும்பியது, உப்பு போகவில்லை. பரிசோதனைக்கு எடுத்துப் போனவர்கள், கடல் உப்பு அல்ல என்று எழுதிக் கொடுத்தார்கள். குடிக்க வேண்டாம் என்று படகுத்துறையில் ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். மீன்களுக்குப் பழக ஒரு வருடம் பிடித்தது.