படங்குக் கயிற்றில் ஒரு முடிச்சு

தேயிலைச் செடி இடுப்பைக் கீறாமலிருக்க, கொழுந்து பறிக்கிற பெண்கள் முரட்டுப் படங்குத் துணியைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொள்வார்கள். அன்று காலை வினோதாவின் கயிறு முடிச்சுக்கு எட்டவில்லை. மாத்திரை தொடங்கிய ஒன்றரை வருடத்தில் பதின்மூன்று கிலோ ஏறியிருந்தாள்.

"அந்தக் குளுசைய விட்டுத் தொலையேன் புள்ள," என்றாள் பக்கத்து நிரை வீரம்மா. "ஒன்னையச் சுத்தி வரவே அரை நாள் ஆகுது."

"போன வருசம் ரெண்டு கிழம விட்டுப் பாத்தேன்க்கா. ஆளே இல்லாம கூரை மேலருந்து கொரலாத் திட்டுறவன் திரும்பி வந்துட்டான். எம்புள்ளயத் தூக்கவே பயந்தேன். அவனும் வேணாம், இந்த ஒடம்பும் வேணாம். ரெண்டும் இல்லாம ஒரு வழி இருக்கும்."

கிளினிக்கில் டொக்டர் எடையைப் பார்த்துக் கோபிக்கவில்லை. வயிறு நிறைந்ததும் 'போதும்' என்று மூளைக்கு ஒரு சேதி போகுமாம். குரலை அடக்கும் குளிசை அந்தச் சேதியையும் அமுக்கிவிடுமாம். ஆகவே பசி அவளுடைய குற்றமல்ல. ஆனால் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி, நீரிழிவின் எல்லைக்கு வந்திருந்தது.

"குளிசையை நீங்களா நிறுத்தாதீங்க. சாப்பாட்டைக் குறைச்சிட்டு ஒரு மாசத்துல வாங்க."

வினோதா சோற்றைப் பாதியாக்கினாள். காலை ரொட்டியில் ஒன்றை நிறுத்தினாள். கயிற்றுக்கு ஒட்டுப்போட்டு, இடுப்பின் அளவில் ஒரு முடிச்சிட்டாள். மூன்று வாரமாகியும் முடிச்சு நகரவில்லை.

பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் வீரம்மா அவளுடைய போத்தலை வாங்கி ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது.

"என்ன புள்ள, பாகு காய்ச்சியா கொண்டாந்திருக்க?"

"வாய் காயுதுக்கா. குளுசை போட்டதுலருந்து அப்படித்தான். நனைச்சுக்கிட்டே இருக்கணும்."

சொல்லிவிட்டு வினோதா போத்தலையே பார்த்தாள். ஒரு போத்தலுக்கு ஆறு கரண்டி சீனி; ஒரு நாளைக்கு மூன்று போத்தல். சோறு சாப்பாடு, ரொட்டி சாப்பாடு. தேத்தண்ணியைச் சாப்பாடென்று அவள் மட்டுமல்ல, லயத்து வீடுகளில் எவருமே நினைத்ததில்லை. வாயைக் காயவைத்ததும் அதே குளிசைதான். அந்த வறட்சியில் சீனியை ஊற்றிக்கொண்டிருந்தது அவள் கை.

மறுநாள் போத்தலில் வெறும் தண்ணீர். கை தானாகப் போகுமென்று சீனி டப்பாவை வீரம்மா வீட்டில் கொடுத்துவைத்தாள்.

அந்த மாதக் கிளினிக்கில் இதைக் கேட்ட டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "என்ன குடிக்கிறீங்கன்னு நான் கேட்கவே இல்ல," என்றார். பழைய குளிசையோடு, சீனி வருத்தக்காரர்களுக்குக் கொடுக்கும் குளிசை ஒன்றையும் எழுதினார். எடை ஏறுவதை அதுவும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்குமாம்.

இரண்டு மாதம் கழித்துக் கயிற்றைக் கட்டியபோது பழைய முடிச்சு இரண்டு விரல் தள்ளி விழுந்தது; இடுப்பு அவ்வளவு இறங்கியிருந்தது. வினோதா புது முடிச்சிட்டாள்.

"ரெண்டு விரலுக்கா இந்தப் பாடு?" என்றாள் வீரம்மா.

"கொறைய இன்னும் எட்டு விரல் இருக்குக்கா. கூரையில யாருமில்ல. நிதானமா போலாம்."