ஈரப் பாவு

விகாரி வருஷம் ஐப்பசி பிறந்ததிலிருந்து ஆரணிக் கடைத்தெருவில் எட்டுப் பானைகள் தொங்கின. இரண்டு மூங்கில் நட்டு, நடுவே கயிறு இழுத்து, எட்டுப் பானைக்கும் எட்டு நிறம் பூசித் தொங்கவிட்டவர் தேசூர்ப் பக்கத்து ஜோசியர் சடையன். வானத்தில் எட்டுக் கிரகங்களும் விருச்சிக ராசியை நோக்கி நெருங்கி வருகின்றன, அவை ஒன்றாகக் கூடுகிற காலையில் பூமி தாங்காது என்பது அவர் கணக்கு. வாயால் சொன்னால் யாருக்கு விளங்கும்? அதனால் தினமும் விடிந்ததும் ஒரு கோலால் பானைகளை விரற்கடை அளவு நெருக்கி வைப்பார். பானையும் பானையும் முட்டுகிற நாள்தான் அந்த நாள்.

ஊரில் குசலம் விசாரிப்பதே மாறிப்போயிற்று. சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டு, பானைகளுக்கு நடுவே சந்து இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்கள். கலசப்பாக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கொட்டிலில் இருந்த ஆடு கோழியெல்லாம் குழம்பாயின. விதைநெல்லைக் குத்திப் பொங்கல் வைத்தவர்களும் உண்டு. நெசவுத் தெருவில் மட்டும் இன்னொன்று நடந்தது. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல்களுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு தீரும்போது அதன் கடைசி முழத்தை நெசவாளி நெய்ய மாட்டார். அந்த முழத்து இழைகள், ஆயிரக்கணக்கில், தறியின் விழுதுக் கண்களிலும் அச்சுப் பற்களிலும் கோத்தது கோத்தபடி நிற்கும். அடுத்த பாவு வந்ததும் அதன் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு முறுக்கிப் பிணைத்து உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அப்பன் நெய்த பாவின் வாலில் மகன் பாவு, அதன் வாலில் பேரன் பாவு. முதல் இழையைக் கோத்தது யாரென்று எந்த வீட்டுக்கும் தெரியாது. அந்த ஒரு முழத்தையும் நெய்து தீர்த்துவிட்டால் தறி வெறும் மரக்கட்டை. மறுபடி ஒவ்வொரு இழையாகக் கோத்து அதை எழுப்ப ஆள் வேண்டும், எழும்பும் வரைக்கும் சோறும் வேண்டும்.

உலகமே போகப்போகிறது, ஒரு முழப் பட்டை யாருக்கு மிச்சம் வைப்பது என்று வீட்டுக்கு வீடு அதையும் நெய்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாகிற அன்றைக்கு உடுத்தப் பட்டு வேண்டுமாம்.

பழனி வீட்டுத் தறியில் மட்டும் அந்த ஒரு முழம் நின்றது. அவன் பெண்டாட்டி தனகோடி அதை விடவில்லை. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து அவளுக்கு வயிறு திறந்திருந்தது. இப்போது ஏழாம் மாதம்.

தாது வருஷப் பஞ்சத்தில் அவள் சின்னப் பெண். கஞ்சிக்கு வழியில்லாமல் அவள் அப்பா இழைகளை அறுத்துப்போட்டு, அச்சையும் விழுதையும் கிடைத்த விலைக்குக் கொடுத்தார். எப்படியோ அந்த வீட்டில் யாரும் சாகவில்லை. மறு வருஷம் மழை கொட்டியது, ஏரி நிறைந்தது, பட்டு நூலோடு வியாபாரி வாசலுக்கே வந்தார். வீட்டில்தான் தறி இல்லை. அப்பா கூலிக்குக் கப்பலேறிப் போனார், போனவர் போனவர்தான். உலகம் முடியாமல் போனதால் அப்பாவை இழந்தவள் அவள்.

"அக்கம் பக்கத்துல எல்லாம் நெய்ஞ்சி எடுத்துட்டாங்க. நான் மட்டும் எதுக்கு அதைக் கட்டிக்கினு அழுவணும்?" என்றான் பழனி.

"உலகம் போனா போவட்டுங்க. போவலைன்னா?"

"ஜோசியரு கணக்குப் போட்டுச் சொல்றாரு."

"ஜோசியரா புள்ளையாண்டிருக்காரு? நான் இருக்கறேன். எட்டு கிரகமும் கூடிக் கலைஞ்சப்புறம் இது பசிச்சி அழுதா, தூக்கிக்கினு போயி விருச்சிகத்தைக் காட்டுங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. தெருவே ஒன்றைச் செய்யும்போது தான் ஒருவன் செய்யாமல் நிற்பது அவனுக்குக் கூச்சமாகவும் இருந்தது. பானை முட்டுகிற அன்று விடியற்காலையில் தறிக்குழியில் இறங்கி அந்த முழத்தை நெய்துவிடப்போவதாகச் சொல்லிவிட்டான். பேச்சு அத்தோடு முடிந்தது.

அதற்கு முந்தின நாள் பகலில் தனகோடி கடைத்தெருவுக்குப் போனாள். பானைகளுக்கு நடுவே ஒரு சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் சந்து இருந்தது. சடையன் நிழலில் உட்கார்ந்து வெறும் அவல் மென்றுகொண்டிருந்தார். ஏமாற்றுக்காரர் முகம் இல்லை அது. மாதக் கணக்கில் தூங்காத முகம். எதற்காக இதைக் கட்டித் தொங்கவிட்டீர் என்று அவள் கேட்டாள்.

"தாது வருஷத்துல ஒருத்தரு முன்னாடியே சொல்லியிருந்தா பாதி ஜனம் பிழைச்சிருக்கும் தாயே. சொல்ல ஆளில்லை. அதான் நான் சொல்றேன்."

"சொன்னது சரிங்க. சொல்லிட்டு இன்னா பண்ணச் சொன்னீங்க? கிணத்தைத் தூர் வாருன்னீங்களா? கேவுரைச் சேர்த்து வையின்னீங்களா?"

"சொல்லத்தான் சொன்னேன். யாரு காதுல வாங்கறாங்க? வரவங்க எல்லாம் பானையைத்தான் பாக்கறாங்க."

தனகோடியும் நிமிர்ந்து அந்தப் பானைகளைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தன. மனிதரைப் பார்த்தபடி நிற்கவைக்கிற அழகு. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் சூசைமேரி வீட்டுக்குள் நுழைந்தாள். மாதா கோயில் தெருக்காரி, பட்டு நூல் இழைக்கிறவள். தனகோடி வீட்டு மூலையில் சுருட்டிக் கிடந்த புதுப் பாவு அவர்கள் இரண்டு பேரும் இழை இழையாக நூல் ஓட்டிச் சேர்த்ததுதான்.

"காலையில வரியா சூசை? பாவு தோயணும்."

"நாளைக்கா? ஊரே சாவப்போவுதுக்கா."

"நீயுமா?"

சூசைமேரி யோசித்தாள். "எங்க சாமி நாள் எதுவும் சொல்லலைக்கா. அதனால எனக்கு வேலை இருக்குது. வரேன்."

பாவு தோய்வது இரண்டு பேரால் ஆகிற காரியம் இல்லை. தெரு நீளத்துக்கு விரித்து, அரிசிக் கஞ்சி தெளித்து, இழையோடு இழை ஒட்டாமல் நீவி, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்ட வேண்டும். இருபுறமும் ஆட்கள் வரிசையாக நிற்க வேண்டும். நனைத்த பிறகு கை குறைந்தால் பட்டு அத்தனையும் ஒட்டிப் பாழ். ஆகவே அந்தத் தெருவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஈரப் பாவை யாரும் தாண்டக் கூடாது, குனிந்தும் நுழையக் கூடாது. வந்தவர் யாரானாலும் கை கொடுத்து, அது காய்ந்த பிறகுதான் மேலே போகலாம். ஜென்ம விரோதியின் பாவானாலும் அப்படித்தான்.

விடிய ஆரம்பித்ததும் இருவரும் பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வழக்கமாகத் தெருக்கோடி வேப்பமரத்தோடு பாவு நின்றுவிடும். தனகோடி இன்று பாதித் தெருவிலிருந்தே விரிக்கத் தொடங்கினாள், மரத்தோடு நிறுத்தவில்லை. முச்சந்தியைக் கடந்து, கடைத்தெருவுக்குப் போகிற பாதையின் குறுக்கே இழுத்துக்கொண்டு போய், எதிரே இருந்த கல்தூணில் கட்டினாள். இடுப்பைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றாள். கஞ்சி தெளிக்கும் வரைக்கும் அது உலர்ந்த பாவு, சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விடலாம். அவள் கஞ்சிக் குடத்தில் கையை முக்கித் தெளித்தாள்.

தறிக்குழியில் இறங்கியிருந்த பழனிக்குக் கஞ்சி வாசனைதான் முதலில் எட்டியது. தறி மிதியில் வைத்த காலை எடுத்துவிட்டு ஓடிவந்தான்.

"இன்னாமே பண்ணிட்டே? அத்தனையும் பாழாப்போவும்."

"ஆள் நின்னா போவாது. அந்தப் பக்கம் புடிங்க."

திட்டிக்கொண்டேதான் பிடித்தான். அதற்குள் தெரு எழுந்துவிட்டது. பானை முட்டுவதைப் பார்க்க நல்ல இடம் பிடிக்க வேண்டுமே, எல்லாரும் பட்டு உடுத்திக்கொண்டு கூட்டமாக வந்தார்கள். முச்சந்தியில் வந்து நின்றார்கள். முன்னால் ஈரப் பாவு.

ஒருவன் காலைத் தூக்கினான். பக்கத்தில் நின்ற பூங்காவனம், தெருவிலேயே வாய் நீண்டவள், அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தாண்டுறா. உலகம் போறதுக்கு முன்னாடி மரியாதை போவட்டும்" என்றாள். தூக்கிய கால் இறங்கிவிட்டது. முணுமுணுத்தபடி ஆளுக்கோர் இடத்தில் நின்று பாவில் கை வைத்தார்கள். பூங்காவனம் தன் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தனகோடியின் சாமர்த்தியத்தை அவள் காதுபடவே ஏசியபடி நீவ ஆரம்பித்தாள்.

முதலில் எல்லார் கண்ணும் கடைத்தெருப் பக்கமே இருந்தது. பிறகு ஒரு இழை அறுந்தது, முடிந்தார்கள். இன்னொன்று அறுந்தது. யாரோ கஞ்சி திட்டாக இருக்கிறது என்றார்கள், யாரோ ஜல்தி ஜல்தி என்று அதட்டினார்கள். கை பழகிய வேலை. கொஞ்ச நேரத்தில் கண்ணும் கையோடு வந்து சேர்ந்துகொண்டது.

சத்திரத்தில் படுத்திருந்த சடையன் கோலோடு அந்த வழியாகத்தான் வந்தார். அவர் நெசவுக்காரர் இல்லை, அவரை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அத்தனை பேர் நிற்கும்போது தான் மட்டும் தாண்ட அவருக்கும் மனசு வரவில்லை.

"நான் போயாவணும் தாயே. நேரம் ஆவுது."

"ஈரம் காஞ்சதும் போங்க. அதுவரைக்கும் இந்த ஓரத்தைப் புடிச்சிக்கோங்க."

கோலைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தார். இழை அவர் விரலில் ஒட்டி அறுந்தது. சூசைமேரி பேஜாராக இருக்கிறது என்று சலித்துக்கொண்டு, எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள்.

வெயில் முதுகில் உறைத்தபோதுதான் பூங்காவனம் நிமிர்ந்து பார்த்தாள். பொழுது பனை உச்சியைத் தாண்டியிருந்தது. ஜோசியர் சொன்ன நேரம் போய்விட்டிருந்தது. ஒவ்வொருவராகத் தெரிந்துகொண்டார்கள். ஒருவன் சடையனைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தான். தனகோடி கையமர்த்தினாள்.

"கிரகம் இன்னும் கலையலைம்மா" என்றார் சடையன், மெல்ல. "இந்த வருஷம் மழையும் சரியில்லை. நான் பொய் சொல்லலை."

"பொய்யின்னு யாருங்க சொன்னது? ஏரிக்கரைக் கிணறு தூந்து கெடக்குது. எப்போ இறங்கலாம்னு நாள் பாத்துச் சொல்லுங்க, இவங்க அத்தனை பேரும் வருவாங்க."

நெய்து தீர்த்த தறிகளோடு வீட்டில் என்ன செய்வது என்ற நினைப்பு ஒவ்வொரு முகத்திலும் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.

காய்ந்த பாவைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு பழனி உள்ளே போனான். தனகோடி வாசற்படியில் உட்கார்ந்து, கையூன்றி மூச்சு வாங்கினாள். தறியில் நாடா குறுக்கே ஓடுகிற சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்தாள். வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். அவன் நெய்த துணியை மட்டும் அறுத்துச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, புதுப் பாவின் நுனியைப் பிரித்துப் பழைய முழத்தின் எதிரே பரப்பிக்கொண்டிருந்தான். முதல் இழையை எடுத்தான். விரலில் வேர்வை, வழுக்கியது.

"அடுப்புல இருந்து கொஞ்சம் சாம்பல் எடுத்துக்கினு வாமே" என்றான், நிமிராமல்.

அவள் எழுந்து போனாள்.