மத்தியானத் தூக்கம்

இன்றைக்குச் சொல்லிவிடுவதென்று அத்தை முடிவு கட்டிவிட்டாள். சுண்டுவின் அம்மா, அப்பா இருவரையும் ஐந்து மணிக்கு ஒன்றாக வரச் சொல்லியிருந்தாள். தெருவில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் அத்தைதான். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை ஒன்பது வருடமாக வீட்டு முன்னறையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். எந்தக் குழந்தையையும் இனி கொண்டுவராதீர்கள் என்று சொன்னதில்லை. அந்த நல்ல பெயருக்காகவே நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சுண்டு தங்கமான பிள்ளை. மூன்று வயதுகூட நிறையவில்லை, குடித்த டம்ளரைத் தானே கொண்டுபோய்த் தொட்டியில் போடுவாள். வம்பெல்லாம் பெற்றவர்களிடம். காலையில் கொண்டுவந்து விடுகிற அம்மா, "அத்தை, மத்தியானம் மட்டும் தூங்க விட்டுடாதீங்க. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் என் உயிரை எடுக்கறா" என்பாள். சாயந்திரம் கூட்டிப்போக வருகிற அப்பா, "தூங்கினாளா அத்தை? தூங்கலேன்னா ஒரு வாய் ஊட்ட முடியாது, ஒரே அழுகை" என்பார். அத்தை இருவருக்கும் தலையாட்டினாள். வேறென்ன செய்வது, இரண்டாக வெட்டியா கொடுக்க முடியும்?

போன வாரம் ஒரு சாயந்திரம் அம்மாவும் கூடவே வந்தாள், வாசலிலேயே இருவருக்கும் பெரிய சண்டை வெடித்தது. உள்ளே மற்ற நாலு குழந்தைகளும் மிரண்டு அழுதன. மறுநாளே அந்தக் குழந்தைகளின் வீட்டார் கறாராகச் சொன்னார்கள்: அந்த இரண்டு பேரும் வருவதாக இருந்தால் நாங்கள் வேறு இடம் பார்க்கிறோம். அத்தைக்குப் பிழைப்பே ஆடிப்போயிற்று.

ஐந்து மணிக்கு இருவரும் வந்தார்கள், தனித்தனியாக. ஆளுக்கொரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள். சுண்டு பாயில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாசத்தோட சுண்டுவுக்கு வேற இடம் பாத்துக்கோங்க. எனக்கு முடியல."

"ஏன் அத்தை? நாங்க என்ன பண்ணினோம்?" என்றாள் அம்மா.

"ஒரு தூக்கத்துக்குப் போய் இப்படி அடிச்சுக்கறீங்களே! சின்னதுங்க பயப்படுதுல்ல?"

"அடிச்சுக்காம? இவரு பொய் சொல்றாரு. கார்ல தூங்க விட்டுட்டு, இங்கயே தூங்கினாள்னு உங்க மேல பழி போடறாரு." அவள் பையிலிருந்து குழந்தையின் நோட்டை எடுத்தாள். சாப்பாடு, தூக்கம், கழிப்பறை என்று அத்தை தினமும் எழுதி அனுப்புகிற நோட்டு. "நீங்களே பாருங்க. தூங்கவில்லை. தூங்கவில்லை. நாலு மாசமா தூங்கவில்லை."

அப்பா நோட்டை வாங்கிப் புரட்டினார். அதை அவர் பார்ப்பது இதுவே முதல் தடவை. "அத்தை, ஒன்றரை மணி நேரம் தூங்கினாள்னு நேத்துகூட என்கிட்ட சொன்னீங்களே?"

இருவரும் அத்தையைப் பார்த்தார்கள்.

சுண்டு தினமும் தூங்கினாள், அது உண்மை. தூங்கி விழுகிற பிள்ளையை எப்படி எழுப்புவது? அம்மாவின் மனம் நோகக் கூடாதென்று நோட்டில் ஒன்று, அப்பாவின் மனம் நோகக் கூடாதென்று வாயால் ஒன்று. முதல் வாரம் நெஞ்சு உறுத்தியது. அப்புறம் அது கை கழுவுவது போலப் பழகிவிட்டது. இவர்கள் ஏன் இப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று நாலு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டவளும் அவளேதான்.

"அது வந்து... ஒரு நாள் தூங்குவா, ஒரு நாள்..." என்று இழுத்தாள்.

எல்லோரும் சட்டென்று அமைதியானதைப் பார்த்து சுண்டு எழுந்து வந்தாள். அத்தையின் மடியைப் பிடித்துக்கொண்டு உதட்டில் விரலை வைத்தாள்.

"உஷ்... அம்மாட்ட சொல்லக் கூடாது."

பாயில் படுக்க வைக்கும்போது அத்தை தினமும் சொல்கிற அதே வார்த்தை, அதே விரல்.

அம்மா நோட்டை வாங்கி அத்தையின் பக்கத்தில் வைத்தாள். அப்பா பையை மாட்டிக்கொண்டார். "மாசக் கடைசி வரைக்கும் வேண்டாம் அத்தை. நாளையிலேர்ந்தே வரல" என்றார். தனித்தனியாக வந்தவர்கள், பிள்ளையின் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஒன்றாகப் போனார்கள். தெருமுனையில் அவர் ஏதோ சொல்ல, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

தான் நினைத்ததுதானே நடந்தது? பிறகு ஏன் வேலையை விட்டுத் துரத்தப்பட்டவள் மாதிரி நிற்கிறோம் என்று அத்தைக்குப் புரியவில்லை.

மறுநாள் இன்னொரு குழந்தையின் அம்மா, "நல்ல வேளை நிறுத்தினீங்க அத்தை. அந்த மாதிரி ஆளுங்களோட யார் மல்லுக்கட்டறது?" என்றாள். அத்தை அவள் பையனைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

மத்தியானம் அந்தப் பையனின் நோட்டை விரித்து, 'எல்லாம் சாப்பிட்டான்' என்று வழக்கம்போல எழுதினாள். பிறகு அவன் டப்பாவைத் திறந்து பார்த்தாள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. பழைய பக்கங்களைப் புரட்டினாள். எல்லாம் சாப்பிட்டான், எல்லாம் சாப்பிட்டான். இதில் எது நிஜம் என்று அவளுக்கே நினைவில்லை.