இடம் மாறிய பார்ஸ்லி

கொத்தமல்லி போலிருக்கும் பார்ஸ்லிக் கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கி, அடுப்பில் கொதித்த வெண்ணெய்ச் சாஸில் கொட்டினாள் ஹெஸ்டர். கணவன் ரூபனை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வேகவைத்த பன்றித் தொடைக்கறி நடுவில் இருந்தது. இங்கிலாந்தின் டெவன் பக்கத்தில் சாவு வீட்டுச் சாப்பாடு அதுதான். பார்ஸ்லி சாஸ் ஊற்றாமல் யாருக்கும் தொண்டையில் இறங்காது.

இன்று மட்டும் இறங்கியது. சாஸ் கிண்ணம் ஒவ்வொரு கையாகப் போய், நிறைந்தபடியே அவளிடம் திரும்பி வந்தது.

"வயிறு சரியில்லம்மா, அதான்," என்று தபால்காரர் மென்று முழுங்கினார்.

ரூபனின் தங்கை தெர்ஸாவுக்கு மென்று முழுங்கும் வழக்கம் கிடையாது.

"எல்லாருக்கும் பயம் அண்ணி. பார்ஸ்லிய வேரோட பிடுங்கி வேற இடத்துல நட்டா, வருஷம் திரும்பறதுக்குள்ள அந்த வீட்ல சாவு விழும். பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். நீங்க ஏப்ரல்ல நட்டீங்க. இதோ, அக்டோபர்ல எங்கண்ணன் போயிட்டாரு."

"உங்கண்ணனுக்குக் கிட்னி கெட்டு ரெண்டு வருஷம் ஆச்சு."

"இன்னும் ரெண்டு வருஷம் இழுத்திருப்பாரு."

ஹெஸ்டருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பார்ஸ்லி வேரைக் காய்ச்சிய தண்ணீரைக் குடித்தால்தான் ரூபனுக்கு நீர் பிரிந்தது, கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. செடிப் பாத்தி இருந்ததோ தோட்டத்துக் கோடியில், ஆப்பிள் மரங்களுக்கு அப்பால். ஒருநாள் அவள் வேர் தோண்டிவிட்டு வருவதற்குள் அவன் கட்டிலிலிருந்து விழுந்து, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப்போயிருந்தான். மறுநாளே இருபது செடிகளை, அவன் கட்டில் போட்டிருந்த இந்த அறையின் ஜன்னலடிக்குக் கொண்டுவந்தாள். அவன் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா ஆழமா நடு. என்னக் கூட்டிட்டுப் போக ஏற்கெனவே ஆள் வந்தாச்சு. இது கூட்டிட்டு வர்ற சாவு வரிசையில நிக்கட்டும்" என்றான். இருவரும் சிரித்தார்கள்.

அதை இவர்களிடம் சொல்லலாம். ஆனால் எதற்குச் சொல்ல வேண்டும்? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அவள் கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, சாவுக்கு உடுத்திய கறுப்பு உடையோடு ஜன்னலடிக்குப் போனாள்.

"தெர்ஸா, ஜன்னலத் தெற. எல்லாரும் பாக்கட்டும்."

"என்ன பண்றீங்க அண்ணி?"

"இடம் மாத்தறேன்."

"புத்தி கெட்டுப்போச்சா? மறுபடியும் இந்த வீட்ல..."

"இந்த வீட்ல இனி நான் ஒருத்திதானே. வந்தா என்னத் தேடித்தானே வரணும். வரட்டும். சாஸ் ஊத்திச் சாப்பிட வச்சுத்தான் அனுப்புவேன்."

உள்ளே யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள். தெர்ஸா ஜன்னல் சட்டத்தைப் பிடித்தபடி நின்றாள்.

இருப்பதிலேயே பெரிய செடியாகப் பார்த்து வேரோடு தோண்டி, வாசற்படியோரம் குழி பறித்து நட்டாள் ஹெஸ்டர். மண்ணைக் காலால் மிதித்து இறுக்கி, தண்ணீர் விட்டாள். செடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தாள். மறுபடியும் சாய்ந்தது. அவள் ஈர மண்ணில் மண்டியிட்டு, தண்டைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.