பிரசாதம் சாப்பாடோ?

நாலு கீமோ முடிந்தபின் எடுக்கும் பெட் ஸ்கான்தான் மிச்சத்தைச் சொல்லும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். என் கணவர் சிவபாலனின் கழுத்திலும் நெஞ்சிலும் இருந்த லிம்போமாக் கட்டிகள் அடங்கியிருந்தால் இதே மருந்து தொடரும். அடங்காவிட்டால் இதைவிடக் கடுமையான வைத்தியம். அந்த உடம்பு அதைத் தாங்குமா என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஸ்கானுக்கு ஊசியில் ஏற்றுவது கதிர்வீச்சுச் சேர்த்த ஒருவகைச் சீனி. கான்சர் கலங்கள் சீனிக்கு அலைபவை. அதை விழுங்கிப் படத்தில் மின்னித் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும். இரத்தத்தில் வேறு சீனி கூடிக் கிடந்தால் படம் பிழைத்துவிடும். அதனால் முதல்நாள் இரவுக்குப் பிறகு தண்ணீர் மட்டும்தான். இவருக்கு ஏற்கெனவே சீனி வருத்தம் வேறு.

அன்று விடியவே, பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்யாமல் வரமாட்டேன் என்று நின்றார். நான் ரிப்போர்ட்டுகளோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் வெள்ளவத்தைக் கோயிலிலிருந்து நெற்றி நிறைய விபூதியோடு ஓட்டோவில் வந்து இறங்கினார்.

"அங்கிள், காலைல ஏதும் சாப்பிட்டீங்களா?" என்று தாதி நிம்றா கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை."

விரலில் குத்திப் பார்த்தாள். சீனி இருநூற்று நாற்பதைத் தாண்டியிருந்தது. மறுபடி குத்தினாள். அதேதான். எனக்குப் பொறி தட்டியது.

"என்னப்பா, கோயிலில என்ன தந்தவை?"

"மோதகம்."

"சாப்பிட்டனீங்களோ?"

"பிரசாதம் சாப்பாடோ றேணுகா? ஐயர் கையில தாறதை வேண்டாமெண்டு சொல்லேலுமே?"

நிம்றா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த செவ்வாய்க்கு நாள் மாற்றித் தந்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கில் முடிந்தது. வீடு வந்து சேர்ந்தும் நான் வாய் மூடவில்லை.

"தேத்தண்ணிக்கு ஒரு துளி சீனி கூடினாலே கத்துற மனுசன்! மோதகத்துக்குள்ள சர்க்கரை கிடக்கிறது தெரியாதோ?"

அவர் சேர்ட் பட்டனைக் கழற்றியபடி சொன்னார். "தெரியும்."

"பிறகென்னத்துக்கு?"

"ஐயர் ஒண்டுதான் தந்தவர். மற்ற ரெண்டும் நான் கேட்டு வாங்கினது." கட்டிலில் இருந்தார். "இன்னும் ஒரு கிழமை தெரியாமல் இருக்கலாமெண்டு நினைச்சன். பயமாக் கிடக்கு."

இத்தனை வருட வாழ்க்கையில் அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. கோபமெல்லாம் இறங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால், நிம்றா நாளை மாற்றியபோது என் நெஞ்சுக்குள்ளும் ஒரு நிம்மதி வந்துதான் போனது. அதை அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

அடுத்த செவ்வாய் கோயிலுக்கு இருவருமாகப் போனோம். ஐயர் மோதகத்தை நீட்டியதும் அவர் கை தானாகப் போனது. நான் முந்தி வாங்கி, சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு மூடினேன்.

"ஸ்கான் முடியச் சாப்பிடுவம்."

"முடிவு என்னவாயிருந்தாலுமோ?"

"என்னவாயிருந்தாலும். ஆளுக்குப் பாதி."

இம்முறை சீனி சரியாக இருந்தது. நிம்றா அவரை உள்ளே கூப்பிட்டாள். வாசலில் அவர் கையை விட எனக்கு மனமில்லை.

"எனக்கும் பயம்தானப்பா."

"தெரியும்," என்றார். "நீர் அண்டைக்கு ஏசின ஏச்சிலேயே தெரிஞ்சுது."